ஒரு குண்டும் போடாத விமானம்

என் கணவர் அரியரத்தினம் என்னை விட அதிகமாகக் காதலித்தது ஒரு குண்டுவீச்சு விமானத்தை. அதுவும் சரியான உதவாக்கரை. இரண்டு எஞ்சின், நான்கு பேருக்கு இடம், வயிற்றில் குண்டு அடுக்க நீளமான அறை. எல்லாம் இருந்தும் இரண்டாம் உலக யுத்தத்தில் அது ஒரு குண்டும் போட்டதில்லை.

அதன் வரலாறு அவருக்கு மனப்பாடம். முதலில் எஞ்சின் சூடேறியது. அதைத் திருத்தினால் இறக்கையில் வெடிப்பு. அதையும் சரிசெய்து வரிசையாக நிறுத்தினால், யுத்தம் முடிந்துவிட்டது. ஒன்பது செய்து எட்டைப் பழைய இரும்புக்கு உடைத்தார்கள். மிஞ்சிய ஒன்றை மெல்பேர்ணுக்கு அருகே வெரிபீயில் ஒரு பண்ணைக்காரர் வாங்கி அதற்குள் கோழி வளர்த்தார். கொழும்பிலிருந்து வந்து மெல்பேர்ணில் எஞ்சினியராக இருந்த இந்த மனிதர், 1973இல் அந்தக் கோழிக்கூட்டைப் பார்த்துச் சொக்கிப்போனார். இரண்டு வருடமாக எங்கள் சனிக்கிழமைகள் எல்லாம் அங்கேதான். கோழி எச்சத்தில் பாதியைச் சுரண்டியது நான். திட்டிக்கொண்டேதான் சுரண்டினேன்.

பிறகு பண்ணைக்காரர் நிலத்தை விற்றுவிட்டார். திங்கட்கிழமை இரும்புக்காரரின் லொறி வரும் என்றார். விமானத்தை, பழைய பொருட்களைக் காட்சிக்கு வைக்கும் ஒரு நூதனசாலை ஏற்றுக்கொண்டால் மட்டுமே அது பிழைக்கும். நூதனசாலைத் தலைவர் கோல்டர் சனிக்கிழமை பார்க்க வர ஒத்துக்கொண்டார். ஆனால் குண்டே போடாத விமானத்துக்கு வரலாறு ஏது என்று டெலிபோனிலேயே கேட்டுவிட்டார். அன்றிரவு என் கணவர் சோற்றைத் தொடவில்லை.

வாகனம் என்றால் பூசணிக்காய் சுற்றி உடைத்துக் கண்ணூறு கழிப்பது எங்கள் வழக்கம். டண்டினொங் சந்தையில் கல்லுப் போன்ற சாம்பல் நிறப் பூசணிக்காய் ஒன்று வாங்கி வந்தேன். பண்ணை முழுவதும் சேறு. கோல்டரின் சப்பாத்துக்காக விமானத்தின் அடியில் இரும்புத் தகடு விரித்திருந்தது. ஆட்கள் மிதிக்கும் இடத்தில் பூசைச் சாமானை வைக்கலாமா? உள்ளே ஏறி, குண்டு அறையில் பத்திரமாக வைத்தேன். அந்த அறையின் தரைதான் கதவு என்று எனக்குத் தெரியும். அது இரண்டு வருடமாகத் திறந்ததே இல்லை.

கோல்டர் வந்தார். மடிப்புக் குலையாத கோட்டு, சிரிக்காத முகம். என் கணவர் வரலாற்றைச் சொல்லிவிட்டு, வயிற்றுப் பக்கம் பார்க்கச் சொல்லி உள்ளே ஏறி நெம்புகோலை இழுத்தார். கதவு படாரென்று திறந்தது. பூசணிக்காய் தகட்டில் விழுந்து சிதறியது. கோல்டரின் கழுத்துப் பட்டி வரை விதை.

திறந்த கதவு வழியாக என் கணவரின் தலை தலைகீழாக எட்டிப் பார்த்தது.

"ஏன் உதுக்குள்ள வச்சனீர்?"

"நிலத்தில வைக்கேலாது எல்லே. கதவு திறக்காது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"இண்டைக்கு விடியத்தான் திருத்தினனான்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எல்லாம் போச்சு என்று தெரிந்தும் அடக்க முடியவில்லை. கோல்டர் ஒரு விதையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். இருபது வயதில், இதே வகை விமானத்தில் குண்டு போட ஒரு வருடம் பயிற்சி எடுத்தாராம். அவருடைய முதல் பயணத்துக்கு ஒரு கிழமை முந்தி யுத்தம் முடிந்துவிட்டதாம். ஒரு குண்டும் போடாத வெட்கத்தில், யுத்தகாலம் முழுவதும் கிடங்கில் கணக்கெழுதினேன் என்று முப்பது வருடமாக மனைவிக்குப் பொய் சொல்லி வருகிறாராம்.

"இன்னொரு பூசணிக்காய் இருக்கிறதா?" என்று கேட்டார்.

பண்ணைக்காரரின் தோட்டத்தில் மூன்று கிடைத்தன. கோல்டர் கோட்டைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, விமானத்தின் மூக்கில், குண்டு போடுபவர் படுக்கும் இடத்தில் குப்புறப் படுத்தார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் குண்டு போடும் பழைய கட்டளையை அவர் உரக்கச் சொல்ல, என் கணவர் உள்ளே இருந்து நெம்புகோலை இழுத்தார். கீழே நின்று நானும் பண்ணைக்காரரும் கைதட்டினோம். மூன்றாவது விழுந்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். எனக்கும் கண் கலங்கியது.

இறங்கி வந்தவர் பண்ணைக்காரரின் டெலிபோனில் தானே பேசி, லொறி வேண்டாம் என்றார். விமானத்தை நூதனசாலை எடுத்துக்கொள்ளும் என்றார். அடுத்த சனிக்கிழமை மனைவியையும் அழைத்து வரலாமா என்று என் கணவரிடம் கேட்டார். மனைவியிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறதாம்.