ஒன்பது புரி நாண்

வலை பின்னுகிற ஒருத்தியிடம் வில்லுக்கு நாண் திரிக்கச் சொன்னால் ஊரிலுள்ள அத்தனை ஆம்பிளைக்கும் புதிதாக ஒரு வாய் முளைத்துவிடும். இதை நான் கண்ணால் கண்டது அறுபத்திரண்டாம் ஆண்டு தையில், செபஸ்தியார் திருநாளுக்குக் கோயிலடியில் கூத்து ஆயத்தமானபோது.

ஊர்காவற்துறைப் பக்கத்தில் எங்கள் கரைக்குச் செபஸ்தியார் கூத்து ஒன்றும் புதிதில்லை. மரத்தில் கட்டியிருக்கும் செபஸ்தியாரை நோக்கி வில்லாளி வெறும் வில்லை வளைப்பான். பின்திரையிலிருந்து ஒருவன் கையை நீட்டி, அம்பு மாதிரி ஒரு தடியை மரத்தில் செருகுவான். சனம் அதற்கே அழும். ஆனால் கூத்துப் பழக்குகிற பத்திநாதர் அண்ணாவியாருக்கு அந்த வருடம் அது போதவில்லை.

"இந்த முறை அம்பு பறக்க வேணும். செபஸ்தியாரின்ரை தலைக்கு ஒரு சாண் மேலை மரத்திலை குத்தி நிக்க வேணும்" என்றார்.

செபஸ்தியார் வேடம் என் மனுசன் பஸ்ரியாம்பிள்ளைக்கு. அம்பு எய்கிற வேடம் என் கூடப்பிறந்த அண்ணை குருசுமுத்துவுக்கு. நாண் திரிக்கிற வேலை எனக்கு. ஒரு குடும்பத்துக்குள்ளேயே அலுவலை முடித்துவிட்டார் மனிதர்! அம்பு ஒரு சாண் கீழே இறங்கினால் நான் யாரிடம் போய் அழுவது? புருசனுக்காகவா, அண்ணைக்காகவா?

அதனால் அந்த நாணை வேறொருவரும் தொடக் கூடாதென்று நினைத்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. என் கையைவிட நல்ல கை அந்தக் கரையில் இல்லை, அது எனக்குத் தெரியும்.

வில் கமுகஞ் சிலாகையில் செய்தது. வீட்டுக்குப் பின்னால் கடற்கரையில் ஒரு பனங்குற்றியை நட்டு, என் மனுசனின் உயரத்துக்கு அதில் ஒரு பழைய பானையைக் கட்டினோம். பானைதான் தலை. கூத்து மேடையில் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் அண்ணை நின்றார். புத்தி சொல்ல வந்தவர்கள் எங்களைச் சுற்றி நின்றார்கள்.

"சுறாத் தூண்டில் கயிறு மாதிரிப் பதினாறு புரி போடு பிள்ளை" என்றது ஒரு வாய்.

"சுறாவோ பிடிக்கப் போறம்?" என்றேன்.

"இப்ப நைலோன் நூல் வந்திட்டுதெல்லோ, அதிலை திரியன்" என்றது இன்னொன்று.

கண்டறியாத நைலோன்! மீன் இழுக்கிறபோது கயிறு கொஞ்சம் இழுபட்டுக் கொடுத்தால் நல்லதுதான். வில்லில் நாண் இழுபட்டால் அம்புக்கு எங்கிருந்து வேகம் வரும்? நான் பருத்தி நூலைத்தான் எடுத்தேன். வலைக்குத் தோய்க்கிற பட்டைச் சாயத்தில் தோய்த்துக் காயவிட்டுத் திரித்தேன்.

முதலில் பன்னிரண்டு புரி. அண்ணை ஒரு சாண் மேலே குறி வைத்து எய்தார். விட்டபோது நாண் 'தொம்' என்று ஒரு சத்தம் போட்டது. அம்பு சோம்பேறி மாதிரிப் போய், இறங்கி, நேரே பானையில் பட்டது. பானை சிதறிப் போயிற்று. பக்கத்தில் நின்ற என் மனுசன் தன் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

புரி கூடினால் நாண் பாரமாகிறது. வில்லின் பலத்தில் பாதி அந்தப் பாரத்தை அசைக்கவே போய்விடுகிறது, அம்புக்கு மிச்சம் கிடைப்பது கொஞ்சம்தான். இதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம், ஈர வலையையும் காய்ந்த வலையையும் தூக்கி வீசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பிறகு ஆறு புரி. அம்பு பறந்த வேகத்தைப் பார்த்து எல்லோரும் ஆவென்று நின்றார்கள். எனக்குப் பிடிக்கவில்லை, நாண் விரலில் வெட்டுகிற மாதிரி இருந்தது. நாலைந்து முறை எய்ததும் பட்டென்று அறுந்து அண்ணையின் முழங்கையில் அடித்தது. சாட்டையால் அடித்த மாதிரித் தடித்துவிட்டது. அம்பு பக்கவாட்டில் போய்த் தாழம்பற்றைக்குள் விழுந்தது. என் மனுசன் அப்படியே திரும்பி வீட்டுக்குப் போனார். அன்றைக்கு அவருக்குச் சோறும் சரியாக இறங்கவில்லை.

மூன்றாவதாக ஒன்பது போட்டேன். மும்மூன்றாக முறுக்கி, அந்த மூன்றையும் சேர்த்து மறுபக்கம் முறுக்கினேன். அம்பு வைக்கிற இடத்தில் சிவப்பு நூல் சுற்றினேன். அண்ணை சுண்டிப் பார்த்தார். 'ணங்' என்றது. எய்தார். புதுப் பானைக்கு ஒரு சாண் மேலே குற்றியில் குத்தி நின்றது அம்பு. திரும்ப எய்தார், அதே இடம்.

"எடியே மாக்கிறேற், இது நாணில்லை, மந்திரம்!" என்றார் அண்ணை.

"மந்திரமுமில்லை மண்ணுமில்லை, ஒன்பது புரி" என்றேன்.

அதற்குப் பிறகு அண்ணை கடல் தொழிலால் வந்ததும் வராததுமாக வில்லைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போவார். அவருடைய கையும் கண்ணும் ஒன்பது புரிக்குப் பழகிவிட்டன. இனி நாண் மாறினால் அம்பு விழுகிற இடமும் மாறும். குசினி வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னேன்:

"இனி இந்த நாணிலை ஒருத்தரும் கை வைக்கப்படாது. சொல்லிப்போட்டன்."

என் மனுசன் கதிரையிலிருந்து மெல்ல ஒரு கதை விட்டார். "இஞ்சேர், இன்னும் ஒரு மூண்டு புரி கூடப் போட்டால் என்ன குறைஞ்சு போகும்? நங்கூரக் கயித்துக்கு நாங்கள் கூடத்தானே போடுறம்?"

"நங்கூரம் பறக்கிறேல்லை" என்றேன்.

அதோடு கதை முடிந்ததென்று நினைத்தேன்.

திருநாள் வந்தது. மற்ற ஊர்களில் கூத்து இரவில் ஆடுவார்கள். எங்கள் பங்குச் சுவாமி அதை விடவில்லை. நெடுந்தீவுச் சனமும் நயினாதீவுச் சனமும் குறிகட்டுவானுக்குப் போய் லோஞ்சுப் படகு பிடிக்க வேண்டுமென்று மத்தியானமே தொடங்கச் சொல்லிவிட்டார். பூசைக்கு உடுத்த வெள்ளைச் சேலையோடும் முக்காட்டோடும் நான் முன்வரிசைப் பாயில் இருந்தேன். வாடைக்காற்றில் மேடைத் திரை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

என் மனுசனைப் பூவரச மரத்துண்டில் கட்டியிருந்தார்கள். வெறும் மார்பு, இடுப்பில் ஒரு சிவப்புத் துண்டு. அவருக்கு அந்த வேடம் நல்லாய்த்தான் இருந்தது. பக்கத்தில் இருந்தவள் அழத் தொடங்கினாள். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

அண்ணை பாட்டோடு வந்தார். வேடத்துக்காக விரலெல்லாம் மினுக்குத் துணி சுற்றியிருந்தார். வரவுப் பாட்டு முடிவில் வில்லாளி நாணைச் சுண்ட வேண்டும். சுண்டினார்.

'தொம்.'

பாயில் நிமிர்ந்து இருந்தேன். என் காதுதான் பிழையோ என்று நினைத்தேன். திரும்பச் சுண்டினார். அதே 'தொம்'. மத்தளத்துக்குப் பக்கத்தில் நின்ற அவருக்கு அது கேட்டிருக்காது. துணி சுற்றிய விரலுக்குத் தடிப்பும் தெரிந்திருக்காது. நிறம் அதே பட்டைச் சாயம், நடுவில் அதே சிவப்பு நூல். ஆனால் அது என் நாண் இல்லை. அது பன்னிரண்டு!

அண்ணை அம்பைத் தொடுத்தார். அவருடைய கண் ஒரு சாண் மேலே பார்த்தது. கடற்கரையில் சிதறிய பானைதான் என் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"அண்ணை! விடாதேங்கோ!" என்று கத்தினேன். மத்தளமும் தாளமும் அந்தச் சத்தத்தை விழுங்கிவிட்டன. என்ரை மாதாவே என்று எழும்பினேன். எங்கள் ஊரில் அதுவரை எந்தப் பெண்ணும் கூத்து மேடையில் கால் வைத்ததில்லை. நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினேன். வில்லுக்கு முன்னால் போய் நின்றேன்.

அண்ணையின் கை தளர்ந்தது. "உனக்கென்ன விசரோ?"

"நாணைத் தடவிப் பாருங்கோ. பன்னிரண்டு புரி. பானை நினைவிருக்கோ?"

விரல் துணியை உரித்துவிட்டுத் தடவினார். முகத்தில் பூசியிருந்த சிவப்பு மாவையும் தாண்டி அவர் வெளுத்துப் போனதைக் கண்டேன்.

பக்கத் திரையிலிருந்து ஒரு குரல் வந்தது. அது அருளப்பு அண்ணை. கூத்தின் கடைசியில், இறந்துபோனாரென்று நினைத்துச் செபஸ்தியாரின் உடலை எடுக்க ஒரு கைம்பெண் வருவாள். அந்த வேடம் அவருக்கு. வெள்ளைச் சேலையும் முக்காடுமாக நின்று பல்லைக் கடித்தார்.

"எடியே, ஆள் இன்னும் சாகேல்லை. அதுக்குள்ளை என்ரை இடத்துக்கு என்னத்துக்கு வந்தனி?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெள்ளைச் சேலையையும் முக்காட்டையும் கண்ட சனம் நான்தான் அந்தக் கைம்பெண் என்று நினைத்துவிட்டது. கீழே பெண்கள் விம்முகிறார்கள்! பத்திநாதர் அண்ணாவியார் லேசுப்பட்டவரா? தாளத்தை ஒரு தட்டுத் தட்டி, கெட்ட கனவு கண்டு முன்னதாகவே ஓடிவந்த உத்தமியைப் பற்றி அங்கேயே ஒரு பாட்டுக் கட்டிப் பாடத் தொடங்கினார். பிற்பாட்டுக்காரரும் கூடவே எடுத்தார்கள்.

நான் மரத்தடிக்குப் போனேன். பஸ்ரியாம்பிள்ளை கட்டப்பட்டு நின்றபடியே என்னைப் பார்த்து முழித்தார். அந்த முழிப்பிலேயே எல்லாம் தெரிந்தது.

"என்ரை நாண் எங்கை?"

"இடுப்பிலை" என்றார் வாயசையாமல்.

சிவப்புத் துண்டுக்குள் கையை விட்டேன். மடித்துச் செருகியிருந்தது. இழுத்தெடுத்தேன். சனம் அதற்கும் அழுதது.

"ஏன் மாத்தினீங்கள்?"

"ஆறு புரி அறுந்ததைக் கண்ட நாளிலையிருந்து நித்திரையில்லை மாக்கிறேற். புரி கூடினால் பயமில்லையெண்டு விடியக்காலமை நான்தான் திரிச்சுப் போட்டனான். பயந்து போனன்."

"இப்ப பயப்பிடுங்கோ" என்றேன்.

அண்ணையிடமிருந்து வில்லை வாங்கி, அதன் ஒரு நுனியைக் கால் பெருவிரலால் மிதித்து, முழங்காலை நடுவில் கொடுத்து வளைத்தேன். பன்னிரண்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஒன்பதை மாட்டினேன். ஒருமுறை சுண்டினேன். 'ணங்.' அது போதும் எனக்கு. வில்லை அண்ணையிடம் கொடுத்தேன்.

"இறங்கிப் போ" என்றார் அண்ணை.

"மாட்டன். நீங்கள் எய்யுங்கோ."

மரத்துக்குப் பக்கத்தில், என் மனுசனின் தோளோடு தோளாகப் போய் நின்றேன். நடுங்கவில்லை. அந்த நாணில் எத்தனை நூல், எந்தப் பக்கம் முறுக்கு, எல்லாம் என் கைக்குத் தெரியும். நடுங்கியது அவர்தான். அவருடைய தோள் என் தோளில் அடித்துக்கொண்டது.

அண்ணை சிலுவை போட்டார். இழுத்தார். விட்டார்.

டக்கென்று மரம் அதிர்ந்தது. கோழி இறகு கட்டிய அம்பு அவருடைய தலைக்கு ஒரு சாண் மேலே நின்று ஆடியது. சனம் போட்ட கூச்சல் சரவணை ஊர் வரைக்கும் கேட்டிருக்கும்.

"முடிஞ்சுதோ?" என்று கண்ணை மூடியபடி கேட்டார் செபஸ்தியார்.

"ஓம். இப்ப செத்த மாதிரித் தலையைத் தொங்கப் போடுங்கோ."

பிறகு அருளப்பு அண்ணை தன் முறைக்கு மேடையேறியபோது, இது யார் இரண்டாவது கைம்பெண் என்று சனம் சிரித்துவிட்டது. பாஸ்குத் திருநாள் வரைக்கும் அவர் என்னோடு கதைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எனக்குச் சன்னதம் வந்தது. குசினியில் இருந்த சட்டி பானையெல்லாம் என் கையில் கிடந்து அலறின. "என்ரை கையிலை நம்பிக்கை இல்லாத மனுசனுக்கு நான் என்னத்துக்குச் சோறு போட வேணும்?" என்று கேட்டேன். "என்ரை அண்ணையைக் கொலைகாரன் ஆக்கப் பாத்தீங்களே!" அதைச் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அப்படியே நிலத்தில் இருந்து அழுதேன். மேடையில் வராத நடுக்கமெல்லாம் அப்போதுதான் வந்தது.

அவர் பக்கத்தில் வந்து இருந்தார்.

"நம்பிக்கையில்லையெண்டால் உம்மடை நாணை எறிஞ்சிருப்பனே. எறிய மனம் வரேல்லை. அதுதான் இடுப்பிலை வைச்சனான்."

"இடுப்பிலை வைச்சால் காக்குமோ? வில்லிலை இருந்தால்தான் காக்கும்."

"ஓம். இப்ப தெரியும்" என்றார். பிறகு அந்தப் பன்னிரண்டு புரியை மடியிலிருந்து எடுத்துக் காட்டினார். மேடையில் பொறுக்கியிருக்கிறார். "இதை என்ன செய்ய?"

"நங்கூரத்திலை கட்டுங்கோ."

கட்டினார்.

அடுத்த திருநாளுக்காகக் கார்த்திகையிலேயே பத்திநாதர் அண்ணாவியார் வெற்றிலைத் தட்டத்தோடு வந்தார். போன முறை வந்த கைம்பெண்ணைப் போல ஒரு கைம்பெண்ணை இந்தத் தீவிலேயே ஒருவரும் கண்டதில்லையாம். சுவாமியிடமும் கேட்டுவிட்டாராம். அந்த வேடத்தை நானே கட்ட வேண்டுமாம்.

என் மனுசன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். பெண்சாதி மேடையேறுவதில் அவருக்கு அவ்வளவு பெருமை. நான் அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தேன். நெற்றி முழுசாக இருந்தது.

"நாண் திரிச்சுத் தாறன் அண்ணாவியார்" என்றேன். "ஒன்பது புரி, போன முறை மாதிரியே. கூத்து நாளிலை வில்லும் என்ரை மடியிலைதான் இருக்கும். கைம்பெண் வேசத்தை அருளப்பு அண்ணையே கட்டட்டும். நான் அது ஆகக்கூடாதெண்டுதான் மேடையேறினனான்."