வீட்டு நேரம்

அந்தச் சோதனைக் கருவியை லேப்டாப்போடு தூக்கி, எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் ஓடும் சாக்கடைக் கானில் போட்டுவிடலாமா என்று வந்தது. எங்கள் கம்பெனி, விடுதி அறை பதிவு செய்யும் இணையத்தளம் ஒன்றைச் செய்கிறது. பிரவுசரைத் தானே திறந்து, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போய், ஓர் அறையைப் பதிவு செய்து பார்ப்பதுதான் கருவியின் வேலை. சரியாக நடந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. எனக்குக் காலையிலிருந்து சிவப்பு. உள்ளே போன மறுநொடியே ‘உங்கள் அனுமதி காலாவதியாகிவிட்டது’ என்று தளம் வெளியே தள்ளிவிடும்.

கொழும்பில் கூட வேலை பார்க்கும் சுரேன் அண்ணாவின் மெஷினில் எல்லாம் பச்சை. என் போனில் கையால் செய்து பார்த்தாலும் ஒழுங்காகப் போகிறது. அப்படியானால் லேப்டாப்பில் கருவியின் செட்டிங்தான் பிழை என்று முடிவுகட்டினேன். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினேன். பிரவுசரை மாற்றினேன். கருவியையே அழித்து மறுபடி போட்டேன். நமுனுகுலயில் மழை இருட்டினால் சிக்னலும் படுத்துவிடும்; டவுன்லோட் பாதியில் நின்று என் உயிரை வாங்கியது.

இன்றைக்குள் ஓடாவிட்டால் திங்கட்கிழமை கொழும்புக்கு வந்துவிட வேண்டும், தேயிலைத் தோட்டத்திலிருந்து வேலை பார்ப்பது சரிவராது என்று மேலாளர் சொல்லியிருந்தார். அப்பா போன பிறகு அம்மாவுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. கூட வா என்றால் வரவும் மாட்டாள். எனக்கு அழுகையாக வந்தது, அதைவிட ஆத்திரமாக வந்தது.

கடைசியில் சுரேன் அண்ணாவை அழைத்துத் திரையைக் காட்டினேன். பிழைப் பதிவில் இருக்கும் நேரங்களை வாசிக்கச் சொன்னார். தளம் அனுமதி கொடுத்தது இரண்டு மணிக்கு, அது கால் மணி நேரம் செல்லும், லேப்டாப்பில் பிழை வந்ததும் இரண்டு மணிக்குத்தான் என்று வாசித்தேன்.

“பிழை ரெண்டரைன்னுல்ல போட்டிருக்கு. நீ ஏன் ரெண்டுன்னு வாசிக்கிற?”

“அது வீட்டு நேரம்ண்ணா. அரை மணி கழிச்சிக்கணும்.”

நான் சொன்னது அப்போதுதான் என் காதிலேயே விழுந்தது.

நான் வயிற்றில் இருந்தபோது அம்மா ஒருநாள் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் பிந்திப் போனாளாம். பேர் கூப்பிட்டு முடிந்துவிட்டது என்று கங்காணி எல்லார் முன்னாலும் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தக் கடிகாரமும் அரை மணி முந்தித்தான் ஓடும். லேப்டாப் வந்த அன்றும் இது பின்னுக்கு ஓடுகிறது என்று அம்மா ஒரே நச்சரிப்பு. தாங்காமல் நானே மாற்றி வைத்தேன். வீட்டில் எந்தக் கடிகாரத்தைப் பார்த்தாலும் அரை மணி கழிப்பது மூச்சு விடுவது போலத்தான், நினைவிலேயே இருக்காது. கால் மணி செல்லும் அனுமதி அரை மணி முந்திய லேப்டாப்புக்கு வந்து சேரும்போதே அதன் கணக்கில் செத்துப்போயிருந்தது.

நேரத்தைச் சரிசெய்து ஓட்டினேன். வரிசையாக எல்லாம் பச்சை. சுரேன் அண்ணா விழுந்து விழுந்து சிரித்தார்; மேலாளரிடம் தானே பேசுவதாகவும் நான் வீட்டிலேயே இருக்கலாம் என்றும் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு முழு நாள் மண்ணாய்ப் போயிருந்தது.

கொழுந்து பறித்து மலையிலிருந்து நனைந்து வந்த அம்மா, தலைத்துண்டைக்கூட அவிழ்க்காமல் லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள்.

“இது மறுபடி பின்னுக்கு நிக்குதே புள்ள.”

கை வைக்க வேண்டாம் என்று சீறினேன். அவளுடைய அரை மணியால்தான் அந்தத் தளம் காலையிலிருந்து என்னை உள்ளே விடவில்லை என்று கத்தித் தீர்த்தேன். அம்மா தலைத்துண்டை அவிழ்த்துப் பிழிந்தாள்.

“முந்திப் போனாலும் வெளிய தள்ளுவாங்களா?”

“ஆமாம்மா” என்றேன். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அதையும் மாற்றிவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.