தண்ணிதான் கேட்டேன்

பேருந்தை ஓரங்கட்டி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் ஓட்டுநர் இறங்கினார். அதுவரைதான் அவருக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. சர்க்கரை உடம்பு. காலையில் மாத்திரை போட்டிருந்தார். சாலை நெரிசலில் சாப்பாட்டு வேளை தப்பிப்போய், வெறும் வயிற்றோடு அடுத்த நடையை எடுத்திருந்தார். கண் இருட்டிக்கொண்டு வந்தது. பின்னால் இத்தனை உயிர் உட்கார்ந்திருக்கிறதே என்ற பயத்தில்தான் நிறுத்தினார். நடைபாதை விளிம்பில் உட்காரப் போனவர் அப்படியே சரிந்தார். நாக்கு குழறியது. கால்சட்டை நனைந்தது அவருக்குத் தெரியவே இல்லை.

சுற்றி நின்றவர்கள் கையிலெல்லாம் போன். தண்ணீர் கேட்டுக் கையை நீட்டினார். முன்னால் நின்று படமெடுத்த இளைஞன் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"அடிக்க வர்றான் பாரு" என்றது ஒரு குரல்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்த நடத்துநர், யாரோ ஒரு குழந்தையிடம் மிட்டாய் வாங்கி அவர் வாயில் திணித்தார். படத்தில் அது இல்லை. இளைஞன் அதற்குள் வேறு பஸ் பிடித்துப் போய்விட்டான்.

சாயங்காலத்துக்குள் 'குடிகார டிரைவர்' ஊரெல்லாம் சுற்றி வந்துவிட்டார்.

பணிமனை மேலாளர் ரத்தப் பரிசோதனை முடிவை இரண்டு முறை படித்தார்.

"நீங்க குடிக்கலைன்னு எனக்குத் தெரியும்ணே. இதுலயும் அப்படித்தான் போட்டிருக்கு. ஆனா இதை யாரு பாக்கப் போறா? கொஞ்ச நாள் டயர் பிரிவுல இருங்க."

"தண்ணிதான் சார் கேட்டேன்."

பக்கத்து மேசைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். சொன்ன பிறகுதான் ஓட்டுநருக்கும் அந்த வார்த்தை உறைத்தது. டயர் பிரிவில் அதுவே அவர் பெயராகிவிட்டது. "தண்ணிண்ணே, அந்த ஜாக்கியைத் தள்ளுங்க" என்பார்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அவரும் சிரித்து வைத்தார்.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"இனிமே காலேஜ் வாசல்ல விட வேணாம்ப்பா. நான் பஸ்லயே போயிக்கறேன்."

கால்சட்டை நனைந்ததையும் பார்த்திருப்பாளா என்று கேட்க நினைத்தார். அவள் நிமிராமலே கைகழுவப் போனாள்.

மனைவிதான் அவருக்காகத் தெருவையே எதிர்த்து நின்றாள். வாசலில் ஜாடை பேசிய பக்கத்து வீட்டுக்காரியிடம், "இத்தனை வருஷமா குடும்பம் நடத்துறேன், எனக்குத் தெரியாதா எம்புருஷனை?" என்று கத்தினாள். உள்ளேயிருந்து அவர் அதைக் கேட்டார். போகட்டும், வீடு ஒன்று இருக்கிறது என்று தேற்றிக்கொண்டார்.

ஒருநாள் மழை பிடித்துக்கொண்டதில் வர நேரமாகிவிட்டது. கதவைத் திறந்த மனைவி பையை வாங்கிக்கொண்டாள். துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்ட வந்தாள். முகம் முகத்தருகே வந்து, தேவைக்கு மேல் ஒரு கணம் அங்கேயே நின்றது. அவள் மூக்கு லேசாக விடைத்தது.

அவர் வாயைத் திறந்து, மெல்ல ஊதினார்.