கடல் சாமந்திக்குப் போட்ட இறால்

கடலையும் அதிலுள்ள சகல ஜீவன்களையும் பேணிக் காக்கும் மாபெரும் பொறுப்பை ஆண்டவர் மனுக்குலத்தின் தோளில் ஏற்றி வைத்தார். அதில் பேராசிரியர் ஜேசுபாதத்தின் பங்குக்கு வந்து சேர்ந்தது, ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு மூன்றடிக் கண்ணாடித் தொட்டியும், அதற்குள் கல்மேல் உட்கார்ந்திருந்த, பார்வைக்குப் பூவும் பிறப்பில் பிராணியுமான ஒரு கடல் சாமந்தியும். பொறுப்பு கைக்கு வந்த மூன்றாம் நாளே அவர் அதைக் கெடுத்துவிட்டார்.

ஜேசுபாதம் சார் முப்பத்து மூன்று வருஷம் கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். கலர் சாக்பீஸால் அவர் கடல் சாமந்தியின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை வரைந்தால், அடுத்த வகுப்புக்கு வருகிற தமிழய்யாகூட அழிக்க மனமில்லாமல் போர்டின் ஓரத்தில் எழுதிவிட்டுப் போவார். உயிரோடு ஒன்றை வைத்துப் பார்த்ததில்லை என்பது ஒன்றுதான் குறை. திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிற இனிகோ அந்தக் குறையைத் தீர்த்து வைத்தான். தன் மச்சான் வலையில் பாறைத்துண்டோடு ஏறி வந்ததை, கடல்தண்ணீர் வாளியில் போட்டு புதன்கிழமை காலையில் பைக்கில் கொண்டுவந்துவிட்டான்.

கொண்டுவந்தவன் இறக்கி வைத்துவிட்டுப் போய்விடவில்லை. வாளித் தண்ணீரில் தொட்டித் தண்ணீரை டம்ளர் டம்ளராக ஊற்றி, ஒரு மணி நேரம் பக்கத்திலேயே குந்தியிருந்து அதைப் பழக்கினான். மோட்டார் உறிஞ்சுகிற வாயில் ஒரு ஸ்பாஞ்சைச் சொருகினான்.

"இது நடக்கும் சார். எடம் புடிக்கலன்னா எந்திரிச்சுப் போயி மோட்டார்ல மாட்டிக்கிடும். அப்புறம் கைமாதான்."

"தெரியும்லே."

"ஒரு வாரத்துக்குத் தீனி ஒண்ணும் போட்டுராதீய. கையும் விட்டுராதீய. பசியில சாவாது சார் இது. நாமதான் பாசத்துல கொன்னுருவோம்."

"ஏலே இனிகோ, எனக்கே பாடம் எடுக்கியா?" என்று சார் வயிறு குலுங்கச் சிரித்தார். இனிகோவும் மரியாதைக்குச் சிரித்துவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை சார் தீனி போட்டார்.

அதற்குக் காரணம் இருந்தது. வருகிற ஞாயிறு சபையில் சுற்றுச்சூழல் ஞாயிறு. அவர் மனைவி ஞானபாய் ஓய்வு பெற்ற டீச்சர், ஒன்பது வருஷமாகப் பெண்கள் ஐக்கியச் சங்கத்தின் செயலாளர். படைப்பைப் பாதுகாப்பது பற்றிய விசேஷ உரையை வாசிக்க வேண்டியவள் அவள்தான். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் சங்கத்துப் பெண்கள் எட்டுப் பேர் ஜெபத்துக்கு வீட்டுக்கு வருகிறார்கள். போன மாதம் ரேச்சல் டீச்சர் வீட்டு ஜெபத்தில் ஆமென் சொன்ன கையோடு எல்லாரும் அவள் வீட்டு ஆர்கிட் பூவைப் பார்க்கப் போனார்கள். சாரின் முப்பத்து மூன்று வருஷத்தைப் பற்றி ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. ஆகவே கடல் சாமந்தி நாளைக்கு நன்றாக விரிய வேண்டும். நன்றாக விரிய வேண்டுமென்றால் நன்றாகச் சாப்பிட வேண்டாமா?

ஞானபாய் மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து, ஃபிரிட்ஜிலிருந்து ஒரு முழு இறாலை எடுத்தார். மேல்தோடு உரிக்கவில்லை. இடுக்கியில் பிடித்து நீட்டினார். விரல் விரலாக ஆடிக்கொண்டிருந்த அதன் இதழ்கள் எல்லாம் ஒன்றுகூடி அதை வாரி அணைத்து நடுவில் இருந்த வாய்க்குள் தள்ளின. சார் கைதட்டாத குறை. இடுக்கியைக் கழுவித் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்தார். தப்பு என்று தெரியாதவன் இடுக்கியைத் துடைக்க மாட்டான் என்பதை அவரே பிற்பாடு நினைத்துப் பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை நாலு மணிக்கு, விருந்தாளிகளைக் கொசு கடிக்கக் கூடாது என்று ஞானபாய் ஹாலில் கொசு ஸ்பிரே அடித்தாள். நாலரைக்கு எல்லாரும் வந்தார்கள். இரண்டாவது பாட்டு முடிந்து, ஜெபம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், தாம்பாளம் போல விரிந்திருந்த கடல் சாமந்தி சுருங்க ஆரம்பித்தது. சுருங்கிச் சுருங்கி, கழற்றிப் போட்ட ஈரக் காலுறை மாதிரி கல்லில் தொங்கியது. கண்ணைத் திறந்துகொண்டே ஜெபிக்கிற பழக்கமுள்ள ரேச்சல் டீச்சர்தான் முதலில் பார்த்தாள்.

"ஏளா ஞானபாய், ஒங்க பூவு வாடுதே!"

ஜெபம் பாதியில் நின்றது. எட்டு முகமும் சாரைப் பார்த்தன.

"என்ன ஆச்சு சார்?"

இறால்தான் என்று அவர் அடிவயிற்றுக்குத் தெரியும். ஆனால் என்ன ஆச்சு சார் என்று ஒரு கூட்டம் கேட்டு, தெரியாது என்றோ தப்பு என்னுடையது என்றோ அவர் பதில் சொல்லிப் பழக்கமில்லை. ஷோகேஸ் மேல் இருந்த ஸ்பிரே டப்பாவில் அவர் கண் போய் நின்றது. தொண்டையைச் செருமினார்.

கொசு மருந்தில் இருக்கும் பைரித்ராய்டு என்கிற பொருளைப் பற்றிச் சொன்னார். அது காற்றிலிருந்து தண்ணீரின் மேற்பரப்பில் படிவதைச் சொன்னார். முதுகெலும்பில்லாத ஜீவன்களின் நரம்பை அது எப்படித் தாக்கும் என்பதை, இல்லாத சாக்பீஸைக் கையில் பிடித்துக் காற்றில் வரைந்து காட்டினார். சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பிற்பாடு அவரை அதிகம் குடைந்தது அதுதான்.

எட்டு முகமும் இப்போது ஞானபாயைப் பார்த்தன. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரேச்சல் டீச்சர் அவள் தோளில் கை வைத்து, அறியாமல் செய்த பாவத்துக்காகத் தனியாக ஒரு ஜெபம் ஏறெடுத்தாள். நீளமான ஜெபம். சார் தலையைக் குனிந்து ஆமென் சொன்னார்.

எல்லாரும் போனபின் ஞானபாய் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"என்னய மன்னிச்சிருங்க. ஆசையாக் கொண்டாரச் சொன்னிய. பாவி நான் மருந்தடிச்சுக் கொன்னுட்டேன்."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் வராது. வாயைத் திறந்தார். வந்தது இது:

"பரவாயில்ல ஞானம். வேணும்னா செஞ்ச?"

மன்னித்தும்விட்டார்.

இட்லி வைக்கும்போது அவள் சொன்னாள், "நாளைக்கு நான் வாசிக்க மாட்டேன். ஒரு உசுரக் கொன்னுட்டு, எந்த வாயால படைப்பப் பாதுகாப்போம்னு வாசிக்க? நடந்ததச் சபையில சொல்லிட்டு, செயலாளரு வேலைய விட்டுருதேன்."

"அதுக்குப் போயி பதவிய விடணுமா?"

"சாச்சியாப் பாத்தவிய எட்டுப் பேரு இருக்காவ. நானாச் சொல்லிட்டா மரியாத."

சார் இட்லியைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே வைத்தார். ஊருக்கெல்லாம் கடிதம் எழுதி, கூட்டம் கூட்டி, நோயாளி வீட்டுக்கெல்லாம் கஞ்சி கொண்டுபோய் ஒன்பது வருஷம் அவள் பார்த்த வேலை, ஒரு இறாலில் போகப் போகிறது. "யோசிச்சுச் செய்" என்று மட்டும் சொன்னார். அது அவருக்கே பொருந்துகிற மாதிரிக் கேட்டது.

ஞாயிறு ஆராதனையில் குருவானவர் இன்பமணி ஐயர் ஞானபாயைப் பெயர் சொல்லி அழைத்தார். அவள் எழுந்தாள். அதற்குள் ஆண்கள் பக்கத்தில் ஜேசுபாதம் சார் எழுந்துவிட்டார். எப்படி எழுந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. மைக் கைக்கு வந்ததும் தெரிந்துவிட்டது.

பதினொரு நிமிஷம் பேசினார். ஆதாமுக்கு விலக்கப்பட்ட கனி எப்படியோ அப்படித்தான் தனக்கு அந்த இறால் என்றார். சொந்தக் கையால் ஊட்டிக் கொன்றேன் என்ற இடத்தில் குரல் உடைந்தது. உடைந்தது உண்மையாகவே உடைந்தது. ஆனால் உடைந்தது நன்றாக இருக்கிறது என்பதையும் அவர் கவனித்துக்கொண்டார். பின்வரிசையில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. இப்படி ஒரு சாட்சியைக் கேட்டு வெகு காலமாயிற்று என்று ஐயர் சொல்லி, அடுத்த மாத வாலிபர் முகாமிலும் பேச வேண்டும் என்று அங்கேயே கேட்டுக்கொண்டார். சார் பணிவோடு சம்மதித்தார். அதன்பின் ஞானபாய் போய் உரையை வாசித்தாள், நிறுத்தி நிதானமாக, ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல். ஒரு குடும்பமே காப்பாற்றப்பட்டது போல் அவருக்கு இருந்தது.

செத்ததைத் தொட்டியிலேயே விட்டால் தண்ணீர் மொத்தமும் கெட்டுப்போகும் என்று காலையில் தொட்டிப் பக்கம் பார்க்க மனமில்லாமலே இனிகோவுக்கு போன் செய்திருந்தார். மாதா கோயிலில் பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்த இனிகோ, கையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நின்றான். நின்றபடியே திரும்பினான்.

"யாரு சார் செத்தது?"

கடல் சாமந்தி வெள்ளிக்கிழமையைவிட அகலமாக விரிந்திருந்தது. அதன் காலடி மணலில், இறால் தோடும் பழுப்பு நிறக் கோழையுமாக ஒரு உருண்டை கிடந்தது.

"வெளிக்கிப் போயிருக்கு சார். முழு எறாவத் தோடோட குடுத்தா அது பாவம் என்ன செய்யும்? உள்ள கெடக்கத் தள்ளணும்னா சுருங்கித்தான ஆவணும். வாயும் அதான், மத்ததும் அதான். நீங்க படிச்சிருப்பியளே."

படித்திருந்தார். வருஷம் தவறாமல் இரண்டு மார்க் கேள்வியாகவும் போட்டிருந்தார்.

இனிகோ வலைக் கரண்டியால் உருண்டையை அள்ளிக் கொல்லையில் கொட்டினான். "இன்னிலருந்து ஒரு வாரம் சார். டீச்சர், ஃபிரிட்ஜ பூட்டி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஞானபாய் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"கோயில்ல நல்லாத்தான் பேசுனிய."

"மனசுல பட்டதப் பேசுனேன்."

"எறா போட்டதச் சொன்னிய. எறாதான்னு தெரிஞ்சுக்கிட்டே எட்டுப் பேரு முன்னால எந்தலையில தூக்கிப் போட்டியளே, அதச் சொல்லலியே."

"அது வந்து, ஞானம்…"

"நான் மன்னிப்புக் கேட்டேன். நீங்களும் மன்னிச்சிய."

சத்தம் போட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுச் சோறு எடுத்து வைத்தாள்.

சாப்பிடும்போது அவர் இரண்டு தரம் முயன்றார். முதல் தரம் தொண்டையைச் செருமினார்; அவள் நிமிர்ந்து பார்த்தாள்; ஊறுகாய் கேட்டார். இரண்டாம் தரம் மோர் கேட்டார். சாப்பாடு முடிந்து அவள் படுக்கையறைக்குப் போனாள். அவர் ஹாலில் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

ஞானபாயிடம் அவர் மன்னிப்புக் கேட்டார். மூன்றே முக்காலுக்கு, ஹாலிலிருந்து, வாட்ஸ்அப்பில்.