காட்டாளன் பக்கம்

ரோமாக்காரன் என்றாலே எலியாவுக்கு ஆகாது. கர்த்தரை ஆணியடித்த கூட்டம். அதனால்தான் மகன் ஜித்தின் சாப்பாட்டு மேசையில் அந்தப் போர் விளையாட்டை விரித்துவைத்து, "அப்பா, ஒரு பக்கம் நீங்க இரியுங்க" என்று கூப்பிட்டபோது, ரோமாவுக்கு எதிர்ப்பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

எதிர்ப்பக்கம் என்றால் பார்பேரியன். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி, வடக்கே எங்கோ காட்டுக்குள் இருந்துகொண்டு ரோமாவை எதிர்த்து நின்றவர்கள். எலியாவின் நாக்குக்கு அந்தப் பெயர் வழங்கவில்லை. காட்டாளன் என்றே சொன்னார். உடைந்த தரையோட்டின் சதுரத் துண்டுகள் ரோமாப் படை. ரப்பர் விதைகள் காட்டாளர் படை. பகடை உருட்டி, அடிக்கோல் வைத்து அளந்து நகர்த்த வேண்டும்.

முழு வளர்ச்சி வந்த ஆண் செய்கிற காரியம் இது என்று எலியா நம்பவில்லை. அமரவிளையில் லாரிச் சுமை இறக்கியே காலம் கழித்தவர் அவர். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. பேங்கையும் நம்பமாட்டார், சபைக் கமிட்டியையும் நம்பமாட்டார். ஆனாலும் உட்கார்ந்தார். அதற்குக் காரணம் உண்டு.

திருவனந்தபுரத்துக் கம்ப்யூட்டர் கம்பெனி ஆளைக் குறைத்தபோது ஜித்தினுக்கு வேலை போயிற்று. அவன் கூட்டாளி, திருப்புறத்துக்காரன் நிபின், பெங்களூரில் இந்த மாதிரி விளையாட்டுகள் செய்து விற்கிறான். "எல்லாவன் விளையாட்டிலயும் பார்பேரியன் தோக்கதுக்குன்னே வாறான். அவனும் ஜெயிக்குத மாதிரி நீ ரூல் எழுது. சரியா வந்தா வீட்டுல இருந்தே எனக்கு வேலை செய்யலாம்" என்று சொல்லியிருந்தான். சரியாக வராவிட்டால் இங்கிலாந்து. அங்கே நர்ஸாக இருக்கும் அக்காள் ஷீனா தம்பிக்கு ஒரு கிடங்கில் வேலை பார்த்து வைத்திருந்தாள். மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். ஜித்தின் போனில் பேசியதை எலியா அடுக்களையில் நின்று கேட்டுவிட்டார்.

மனைவி விமலகுமாரி செத்தபிறகு அந்த வீட்டில் இரண்டே பேர். ஆக, காட்டாளன் ஜெயித்தே ஆக வேண்டும். இதை அவர் மகனிடம் சொல்லவில்லை. உதியன்குளங்கரைச் சந்தியில் யாராவது "மகன் வெளிநாடு போறானாமே" என்று கேட்டால், "போறவன் போட்டு. பிடிச்சு கெட்டி வைக்கவா முடியும்?" என்பார்.

முதல் ஆட்டம் சோறு வேகுமுன் முடிந்தது. விதைகள் குவியலாக ஓடிப்போய் ஓட்டுத்துண்டில் முட்டிச் செத்தன.

"இவனுவ எதுக்குலே ஓடிப்போய் சாவுதானுவ?"

"ரூல் அப்பிடியாக்கும் அப்பா. எதிரி ஒரு சாண் கிட்ட வந்தா காட்டாளன் பாஞ்சே தீரணும். அவனுக்கு பொறுமை கிடையாது."

"அது ஆரு சொன்னது?"

"பழைய புஸ்தகத்துல உண்டு."

"எழுதினவன் ஆரு? காட்டாளனா?"

ஜித்தின் சிரித்துவிட்டான். "ரோமாக்காரன்தான்."

"பின்னே? லாரி முதலாளிட்ட கேட்டுப்பாரு, சுமட்டுக்காரன் எல்லாவனும் கள்ளன்னு சொல்லுவான்."

ஜித்தின் யோசித்து அந்த விதியை அடித்தான். பாய்வதும் நிற்பதும் இனி காட்டாளன் இஷ்டம். அடுத்த ஆட்டத்தில் எலியா தன் ஆட்கள் அத்தனை பேரையும் காட்டுக்குள் இறக்கினார். காடு என்பது பச்சைக் கைத்துண்டு. வாடா பார்க்கலாம் என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். ரோமாக்காரன் வரவில்லை. வெட்டவெளியில் வரிசை கட்டிச் சும்மா நின்றான்.

"முடிஞ்சு அப்பா. ரோமா ஜெயிச்சு."

"எலே, சண்டையே நடக்கல்லியே!"

"சுற்று தீரும்போ வெளி ஆரு கையில இருக்கோ, அவனுக்காக்கும் ஜெயம்."

"காட்டுல கெடக்கவனுக்கு வெளி எதுக்குலே? அவன் கேட்டானா?"

அதையும் மாற்றினான். மாற்றிய பிறகு இரண்டு பக்கமும் அசையாமல் நின்றது. ஆட்டம் முடியவே இல்லை; மேசையில் சோறு வைக்க இடமில்லாமல் இரண்டு பேரும் தட்டை மடியில் வைத்துத் தின்றார்கள். முடியாத ஆட்டத்தை யார் வாங்குவான் என்று ஜித்தினே அதைத் தள்ளிவிட்டு, புதிதாக ஒன்று எழுதினான். காட்டாளனுக்கு ஆள் அதிகம், ஆனால் மேசை சின்னது. பரந்து நிற்க இடமில்லை. அதனால் மேசை விளிம்பைத் தாண்டிப் போகலாம், பகடை அனுமதித்தால் வேறு பக்கமாக வந்து இறங்கலாம். எலியாவுக்கு அது பிடித்திருந்தது. அவர் பிழைப்பே சுற்றுவழியில் நடந்த பிழைப்பு. அன்று தோற்றாலும் ரோமாவின் பாதிப் படையைத் தின்றுவிட்டுத்தான் தோற்றார்.

ஜித்தின் அதை நிபினுக்கு அனுப்பினான். அங்கே அவன் கூட்டாளிகள் விளையாடிப் பார்த்தார்கள். பதில் போனில் வந்தது. ஜித்தின் ஸ்பீக்கரில் போட்டான்.

"மேசைக்கு வெளிய சுத்தி வாற ரூல் கொள்ளாம் மக்கா, நல்லாருக்கு. ஆனா அத எடுத்து விளையாடுதது ரோமாக்காரனாக்கும். அவன் வரிசையா போறான், வரிசையா வாறான். காட்டாளன் போனா பாதிப்பேரு வழிதப்பிப் போறான்."

"அப்ப அத காட்டாளனுக்கு மட்டும்னு வைக்கட்டா?"

"வச்சா விளையாட்டு களிக்கவனுக்கு புடிக்காதுடே. சலுகை மாதிரி இருக்கும்."

எலியா எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். இது அவருக்குத் தெரிந்த கதைதான். சுமட்டுக்காரனுக்கு வேலை அட்டை கொடுக்கிறோம் என்று முன்னொரு காலத்தில் வந்தார்கள். முதல் அட்டை, மூட்டையை விரலால்கூடத் தொடாத கான்டிராக்டரின் மச்சினனுக்குப் போயிற்று. இளைத்தவனுக்கென்று எதை எழுதினாலும் வலுத்தவன் கை முந்திக்கொண்டு வருகிறது. இதற்கு என்ன ரூல் போடுவது?

பிறகு வந்த நாட்களில் எலியா செய்யாத வேலை இல்லை. பகடையை உள்ளங்கையில் வைத்து ஜெபம் பண்ணிப் பார்த்தார். ஒருநாள் முழங்கையால் ஒரு விதையை மெல்லத் தள்ளினார்.

"அப்பா, விதை தன்னால நடக்குது."

"காத்துல உருண்டிருக்கும்."

"ஃபேன் ஓடல்லியே."

"அப்ப அவனுக்கு அவசரம். நீதானே சொன்ன, பொறுமை இல்லாதவன்னு."

சிரித்துக்கொண்டே விதையை இருந்த இடத்தில் வைத்தான் மகன். அவன் சிரிப்பு எலியாவுக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஆட்டத்தில் தோற்றார்.

மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்த கையோடு ஜித்தினே கேட்டான். "அப்பா, ஒரு களி களிப்பமா?"

அன்று விதைகளுக்கு ஏதோ வந்திருந்தது. எலியா இடப்பக்கம் கொஞ்சம் பேரைக் காட்டி, வலப்பக்கம் மொத்தமாக இறங்கினார். முதல் வரிசை சிதறியது. இரண்டாம் வரிசையும் பிளந்தது. பகடை உருட்ட உருட்ட ஆறுக்குமேல் ஆறு. ரோமாவின் கொடி நட்ட துண்டு விழுந்தால் ஆட்டம் முடிந்தது. அதை எலியா நடுவிரலால் சுண்டித் தரையில் தள்ளினார்.

"தீந்தாம்லே! கள்ளப்பய தீந்தான்!"

எழுந்தே நின்றுவிட்டார். வேட்டி அவிழ்ந்ததுகூடத் தெரியவில்லை. "நிபினுக்கு போன்ல விளி. கிழவன் ஜெயிச்சான்னு சொல்லு."

"சொல்லலாம் அப்பா" என்றான் ஜித்தின். போனை எடுக்கவில்லை.

வேட்டியை முறுக்கிக்கொண்டு எலியா குனிந்து மேசையைப் பார்த்தார். அப்போதுதான் கண்ணில் பட்டது. உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் ரோமாவின் கடைசி வரிசை, வைத்த இடத்திலேயே நின்றது. துண்டு ஒன்றுகூட அசைந்திருக்கவில்லை. முதல் இரண்டு வரிசையும் களைத்தால் முன்னே வரவேண்டியவர்கள் அவர்கள்.

"இவனுவ என்னத்துக்குலே நின்னானுவ?"

"மறந்துபோச்சு."

ஜித்தின் மறக்கிறவன் இல்லை. பிறந்த நாள் தொட்டு அவனை எலியாவுக்குத் தெரியும். அவர் மெதுவாக உட்கார்ந்தார்.

"நிபின் விளிச்சானா?"

"நேத்து விளிச்சான்."

"என்ன சொன்னான்?"

"சாரமில்ல, விடுங்க அப்பா. அவனும் பாத்தான். ஒத்துவரல்ல."

"நீ ஷீனாகிட்ட?"

"வாறேன்னு சொல்லிட்டேன்."

போகாதே என்று சொல்ல மூன்று எழுத்து போதும். லாரி முதலாளியின் முகத்துக்கு நேரே கெட்ட வார்த்தை சொன்ன வாய்தான் அது. ஆனால் போகாதே என்று சொன்னபிறகு பையனுக்குக் கொடுக்க அவர் கையில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை.

"அங்க நல்ல குளிராக்கும்" என்றார்.

"ம்."

எலியா செத்த விதைகளைப் பொறுக்கினார். தரையில் கிடந்த கொடித் துண்டையும் எடுத்து ரோமாப் பக்கமே வைத்தார். துண்டுகளை அவரே வரிசைப்படுத்திக் கொடுத்தார்.

"இன்னொண்ணு வை. இப்பம் ஒழுங்கா களி. எனக்கு ஆரும் விட்டுத்தர வேண்டாம்."

"அப்பா..."

"களிலே."

ஜித்தின் ஒழுங்காக ஆடினான். எலியா வலப்பக்கம் இறங்கியதும் கடைசி வரிசை முன்னே வந்தது. விதைகள் ஒவ்வொன்றாக மேசையைவிட்டு இறங்கின. ஒரு சுற்று மிச்சமிருக்கும்போதே ஆட்டம் தீர்ந்துவிட்டது.

"சோறு வெளம்பட்டா அப்பா?"

"இரு" என்றார் எலியா. "இன்னும் ஒண்ணு."