காற்று ஆகாது

விற்கப் போகிற வீட்டைப் போல அழகாகப் பொய் சொல்ல எந்த மனிதனாலும் முடியாது. சுவரில் ஓதம் ஏறியிருக்கும், அதன் மேல் முந்தாநாள்தான் பெயிண்ட் அடித்திருப்பார்கள். கூரையில் கறை இருக்கும், அதற்கு நேர் கீழே அலமாரியை நகர்த்தி வைத்திருப்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற இந்தக் கூட்டத்தோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. வாங்குகிறவரோ விற்கிறவரோ கூப்பிட்டால் போவேன். கண்ணுக்குத் தெரியாமல் ஆளைக் கெடுக்கிற சமாச்சாரம் அந்த வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று சோதித்துச் சொல்வேன். பழைய பெயிண்டில் ஈயம், ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் கல்நார், சுவருக்குள் பூஞ்சை, கேஸ் கசிவு, இப்படி. காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க ஊதுவத்தியைக் கொளுத்திக்கொண்டு அறை அறையாக நடப்பேன். "பேய் ஓட்ட வந்தீங்களா மேடம்?" என்று கேட்காத ஆள் இல்லை. "ஆமா, மொதல்ல ஓனரை ஓட்டணும்" என்பேன். அதனாலோ என்னவோ, எந்த வீட்டிலும் எனக்கு ஒரு வாய் காபி கொடுத்ததில்லை.

அன்று போனில் கேட்ட குரலை நான் இரண்டு வருஷமாகக் கேட்கவில்லை. என் தங்கையின் கணவர்.

"அக்கா, வீட்டை விக்கிறேன். வாங்குறவங்க டெஸ்ட் பண்ணச் சொல்றாங்க. நீங்களே வந்து பண்ணிக் குடுங்க. வேற ஆளுன்னா நான் எல்லாத்தையும் மொதல்லேர்ந்து சொல்லணும்."

சொல்வதற்கு என்ன இருக்கிறது? சின்னவள் அந்த வீட்டின் குளியலறையில்தான் செத்துப்போனாள். குழந்தை பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அன்று காலை இரண்டு பேருக்கும் சண்டை. ராத்திரி குழந்தை அழுதபோது யார் எழுந்திருப்பது என்று, பிள்ளை பெற்ற எல்லா வீட்டிலும் நடக்கிற சண்டைதான். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு குளிக்கப் போய்த் தாழ் போட்டிருக்கிறாள். அவர் கூடத்தில் படுத்திருந்தார், நெஞ்சின் மேல் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கோபத்தில்தான் வெளியே வராமல் இருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். கதவை உடைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளை பெற்ற உடம்பு, இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். அறுத்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "போன உசுரு போயாச்சு, எம் பொண்ணு மேல கத்தி படக் கூடாது" என்று அம்மா கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அம்மா அவர் பக்கம் திரும்பினாள். "ஒருத்தி உள்ள போய் அவ்வளவு நேரம் வரலைன்னா, ஒரு மனுஷன் கதவைத் தட்ட மாட்டானா?" அவரும் தன்னை அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனவள் திருப்பித் தரவே இல்லை. வேண்டாத பெண்டாட்டி கை பட்டால் குற்றம் கால் பட்டால் குற்றம் என்பார்கள், எங்கள் வீட்டில் அது வேண்டாத மருமகன். விடுமுறை நாட்களில் வாசலில் வந்து நிற்பார். அம்மா கதவைச் சாத்துவாள். எனக்கும் அவர் மேல் கோபம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

வீட்டுக்குப் போனேன். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். சட்டை மட்டும் பழைய அளவு.

"வித்துட்டு வேற ஊருக்குப் போறேன் அக்கா. போறதுக்கு முன்னாடி எம் பொண்ணு சிட்டுவை ஒரு தடவை தூக்கிப் பாத்துட்டுப் போகணும். அத்தைகிட்ட கேப்பீங்களா?"

"பாக்கலாம்" என்றேன். இல்லை என்று சொல்ல வாய் வராதவர்கள் சொல்கிற வார்த்தை அது.

மற்ற அறைகளில் பெரிதாக ஒன்றும் இல்லை. சமையலறைச் சுவரில் கொஞ்சம் பூஞ்சை, அவ்வளவுதான். நடையின் கடைசியில் குளியலறை. அவர் பாதி நடையிலேயே நின்றுவிட்டார். அன்றிலிருந்து அதற்குள் குளித்ததே இல்லையாம். பின்கட்டுக் குழாயில் பச்சைத் தண்ணீரைத்தான் ஊற்றிக்கொள்கிறாராம்.

உள்ளே சுவரில் கேஸ் கீஸர். அதற்கு எதிர்ச் சுவரின் உச்சியில் கண்ணாடிப் பட்டைகள் வைத்த சின்ன ஜன்னல். இந்த கீஸரை மாட்டியபோதே நான் வந்து சத்தம் போட்டிருக்கிறேன். காற்று போக வழியில்லாத அறைக்குள் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். மணம் கிடையாது, நிறம் கிடையாது, இருமல்கூட வராது. ஆளைப் படுக்க வைத்துவிடும். "எந்தக் காரணத்துக்கும் அந்தப் பட்டையை மூடக் கூடாது" என்று சின்னவளிடம் படித்துப் படித்துச் சொன்னேன். அவள் செத்த அன்றும் எனக்கு முதலில் தோன்றியது அதுதான். அழுகைக்கு நடுவிலேயே வந்து அண்ணாந்து பார்த்தேன். பட்டைகள் திறந்திருந்தன, வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. அப்படியானால் டாக்டர் சொன்னதுதான் சரி என்று திரும்பிப் போனேன்.

இப்போதும் திறந்துதான் இருந்தன. ஊதுவத்தியை அதன் கீழே பிடித்தேன். புகை நேராக மேலே போயிற்று, பட்டைகளுக்கு நடுவே நுழைந்தது, அங்கே எதன் மேலோ மோதிப் பரந்து திரும்பி என் முகத்துக்கே வந்தது.

உடனே ஸ்டூலைப் போட்டு ஏறப் போனேன். ஆனாலும் தொழிலில் ஒரு முறை உண்டு. சோதிக்கும் முன்பு எதையும் தொடக் கூடாது, வீடு தினமும் எப்படி இருக்குமோ அப்படியே இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு இருந்தால் கத்துகிற கருவியை உள்ளே வைத்தேன். வெந்நீரைத் திறந்துவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றேன். கொஞ்ச நேரம் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் கருவி கத்த ஆரம்பித்தது. எத்தனையோ வீடுகளில் கேட்ட சத்தம்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி கேஸை மூடினேன். எல்லாக் கதவையும் திறந்துவிட்டு, அவரையும் இழுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய் நின்றேன்.

காற்று தெளிந்த பிறகு ஸ்டூலில் ஏறிப் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவினேன். பின்னால் கொசுவலைச் சட்டம். அந்த வலையின் மேல், சாப்பாட்டு மேசைக்கு விரிப்பார்களே கண்ணாடி மாதிரி கனமான பிளாஸ்டிக், அதை அளவாக வெட்டி நாலு பக்கமும் தைத்திருந்தது. வெளிச்சம் வரும், காற்று வராது. தையல் நெருக்கமான இரட்டைத் தையல். கல்லூரிக்குப் போகும்வரை நான் போட்ட எல்லா உடுப்பிலும் அந்தத் தையல் இருந்தது. எங்கள் அம்மா தையல்காரி.

"ஓ, அதுவா?" என்று கீழேயிருந்து அவர் சொன்னார். "பிரசவத்துக்கு வந்திருந்தப்போ அத்தை தைச்சது. பச்சைக் குழந்தைக்குக் காத்து ஆகாது, பட்டையை மூடுங்கன்னாங்க. நீங்க மூடக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்கன்னு நான் ஒத்துக்கவே இல்ல. சரி, மூடலை, திறந்தே இருக்கட்டும்னு அந்த வலையைக் கழட்டி மடியில வெச்சு உட்கார்ந்து தைச்சாங்க. நான்தான் ஸ்டூலைப் பிடிச்சேன்."

நல்ல நாள் ஒன்றை நினைத்துக்கொண்டவர் போல, சொல்லும்போது லேசாகச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். என் கையில் இருந்த பிளாஸ்டிக்கைப் பார்த்தார். அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"குளிச்சாலே தலை வலிக்குதுன்னு சொன்னா அக்கா. ராத்திரி தூக்கம் இல்ல, அதான்னு நான் சொன்னேன்."

குழந்தை அழுமே என்று தினமும் காக்காய்க் குளியல் போட்டவள், அன்று கோபத்தில் தலைக்கு ஊற்றிக்கொண்டு நெடுநேரம் நின்றிருக்கிறாள். தலைவலியோடு போயிருக்க வேண்டியது ஆளையே கொண்டுபோய்விட்டது. நான் ஸ்டூலில் இருந்து இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் தோளில் கை வைத்தேன். அவர் சத்தம் போட்டு அழுதார், நானும்தான்.

அழுது முடித்ததும் அவர் சொன்னது இது: "அத்தைகிட்ட சொல்லிடாதீங்க."

"என்ன பேசுறீங்க தம்பி? ரெண்டு வருஷமா உங்களைக் கொலைகாரன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்காங்க."

"சொல்லட்டும். எனக்குப் பழகிடுச்சு. இதைக் கேட்டா அவங்க தாங்க மாட்டாங்க. சிட்டுவைத் தூக்கிட்டுக் குடுத்துடுறேன், அது போதும்."

"பெரிய தியாகி!" என்று எரிந்து விழுந்தேன். ஆனால் வாக்குக் கொடுத்தேன். வாங்குகிறவர்களுக்கு, ஜன்னலில் அடைப்பு இருந்தது, எடுத்தாயிற்று, கீஸரை வெளிச்சுவருக்கு மாற்றுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். யார் அடைத்தது என்று அவர்கள் கேட்கவும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா மெஷினில் இருந்தாள். காலடியில் சிட்டு துணி வெட்டுகளைக் குவித்து விளையாடிக்கொண்டிருந்தது. சத்தியமாக நான் கேட்கப் போனது ஒன்றே ஒன்றுதான்.

"அவர் ஊரைவிட்டுப் போறாரும்மா. ஒரு தடவை குழந்தையைத் தூக்கிப் பாத்துட்டுப் போகட்டும்."

"அந்தப் பாவி பேச்சை இந்த வீட்டுல எடுக்காதே" என்றாள் அம்மா. மெஷினை நிறுத்தவில்லை. "தூக்குறதாம் தூக்குறது. குழந்தைக்கே தெரியும் அவன் யாருன்னு. சிட்டு, உங்கப்பா என்ன பண்ணான், பெரியம்மாகிட்ட சொல்லு."

சிட்டு எழுந்து நின்றது. பாட்டுச் சொல்லிக் காட்டுகிற குழந்தை போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டது.

"கதவு தட்டல. அம்மா செத்துப் போச்சு."

சொல்லிவிட்டுத் தனக்குத்தானே கைதட்டியது. அம்மா குனிந்து அதன் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள்.

வாக்காவது ஒன்றாவது! என் வாய் எனக்குக் கட்டுப்பட்ட வாய் இல்லை. சுற்றி வளைக்காமல், மெல்லச் சொல்லாமல், புகை திரும்பி வந்ததிலிருந்து இரட்டைத் தையல்வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் சொல்லாதே என்று கெஞ்சியதையும் சேர்த்துக் கொட்டினேன். மெஷின் நின்றுவிட்டிருந்தது.

"ஜன்னல் திறந்துதானே இருந்துச்சு" என்றாள் அம்மா.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"பட்டையை நான் மூடலையேடி. நீ சொன்னபடிதானே விட்டேன்."

"வழியை அடைச்சுட்டியேம்மா."

"காத்து ஆகாதுன்னுதானே…" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். பிறகு, "அவளுக்கு மூச்சு முட்டியிருக்குமா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. தலை சுத்தும், தூக்கம் வர்ற மாதிரி கண்ணைக் கட்டும், கால் துவண்டுடும். அவ்வளவுதான்." எனக்குத் தெரிந்தவரை அது உண்மை. பொய்யாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அம்மா அழுவாள் என்று காத்திருந்தேன். அழுதிருந்தால் கட்டிப் பிடித்திருப்பேன். அவள் மெஷினின் மேலிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிட்டு ஒரு சிவப்புத் துணி வெட்டை எடுத்துக்கொண்டு வழக்கம் போல அவள் மடியில் ஏறியது. சூடு பட்டவள் மாதிரி அம்மா இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டாள்.

"இவளை எடுடி" என்றாள். "எடுத்துடு."

அந்த வாரம் முழுக்க நான் அங்கேயே தங்கினேன். ஊட்டியதும் குளிப்பாட்டியதும் தூங்க வைத்ததும் நான்தான். அம்மா பக்கத்தில் நின்று, தண்ணீர் சூடு பார்த்தியா, காதைத் துடைத்தியா என்று கேட்பாள். கை மட்டும் நீளாது. குழந்தை "பாட்டி தூக்கு" என்று அவள் காலைக் கட்டிக்கொண்டு தொங்கும். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவளைப் பார்க்க எனக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது என்று சொல்ல முடியாது, நான் பெறவில்லை. ஆனால் ஏதோ ஒன்று எரிந்தது. நான் சொன்னது தப்பு என்று இன்றுவரை நினைக்கவில்லை. அந்தக் குழந்தை அப்படியே வளர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மறுபடியும் அந்த நிலை வந்தாலும் சொல்வேன். அதற்காகத் தூக்கம் வருகிறது என்று அர்த்தமில்லை.

வாரக் கடைசியில் அம்மாவே சொன்னாள். "மாப்பிள்ளையை வரச் சொல்லு. வந்து சிட்டுவைக் கூட்டிட்டுப் போகட்டும்."

அவர் வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். சிட்டுவின் பையை நான் எடுத்துக் கொடுத்தேன். குழந்தை அவர் கைக்குப் போனதுமே உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு வீறிட்டது. அவருக்கு அதைப் பிடிக்கவே தெரியவில்லை. இரண்டு வருஷமாகக் கேட்டது கிடைத்தும், அவர் முகத்தில் அரண்டுபோன களைதான் இருந்தது.

"அத்தை, இவளுக்கு என்னை யாருன்னே தெரியாது. எனக்கும் ஒண்ணும் தெரியாது. நீங்களும் கூட வந்துடுங்க. மனசாரத்தான் கூப்பிடுறேன். உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

"வேணாம் மாப்பிள்ளை" என்றாள் அம்மா. "குளிப்பாட்டுறப்போ கதவைத் தாழ் போடாதீங்க. அது போதும்."

சிட்டு அவர் தோளுக்கு மேல் எட்டி இரண்டு கையையும் நீட்டியது. பாட்டி, பாட்டி என்று கத்தியதில் குரலே கம்மிவிட்டது. அம்மா முந்தானைக்குள் கையைச் சுருட்டி வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஒரே ஒரு தடவை தூக்கிட்டுக் குடேம்மா. கல்லா நீ?"

"தூக்கினா விட மாட்டேன்டி" என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு நடக்க ஆரம்பித்தார். தெருமுனை திரும்பும்வரை சிட்டுவின் அழுகை கேட்டது. அம்மா காதைப் பொத்திக்கொள்ளவில்லை, உள்ளேயும் போகவில்லை.