அண்ணன் குடிக்கவில்லை என்று எழுதச் சொன்ன கதை

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. அண்ணன் பெண்டாட்டி, என் மைனி லில்லிபாய் எழுதச் சொன்னாள். 2013இல் எங்கள் அண்ணன் சூசையை அடக்கம் செய்த அன்று, ஃபாதர் பிரசங்கத்தில் குடியைப் பிடித்துக்கொண்டார். ஈரல் புற்றில் செத்தவன் பெட்டிக்குள் கிடக்கிறான், வேறென்ன பேசுவார்? கோயில் முழுக்கத் தலையாட்டியது. ஏழாம் நாள் பூசை முடிந்ததும் மைனி என்னைப் பிடித்தாள்.

"நீ பத்திரிகையில எழுதுதவன்லா. எனக்க மாப்பிள ஒரு சொட்டு குடிச்சதில்லன்னு எழுது. உள்ளத எழுது, மக்கா."

"எழுதுதேன் மைனி" என்றேன். உள்ளதுதானா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: சூசை பிறந்த நாள் முதல் கள்ளைத் தொட்டதில்லை. கடலுக்குப் போகும்போதுகூட அவன்...

(நிறுத்திவிட்டேன். கொச்சித் துறைமுகத்தில் பத்து வருஷம் போட்டில் கிடந்தவன் தொடவே இல்லை என்றால் நீங்கள் நம்புவீர்களா? தம்பி நானே நம்பவில்லை. அவனோடு போட்டுக்குப் போன சிலுவையை விசாரித்தேன். "லேய் ஆன்ட்ரூஸ், நாங்க குடிச்சிட்டு வாந்தி எடுத்ததக் கழுவி விட்டவன் உனக்க அண்ணன். போவியா அங்கோட்டு!" என்று சீறினான். செத்த கூட்டாளிக்காகப் பொய் சொல்கிறானோ?)

இரண்டாம் தொடக்கத்தில் கதிர்வீச்சுள்ள எங்கள் கடற்கரை மணலைச் சந்தேகித்தேன். எங்கள் கரையில் எந்தப் புற்றுக்கும் முதலில் மாட்டுவது மணல்தான். அதையும் கிழித்துப் போட்டுவிட்டு, அண்ணனுக்கு வைத்தியம் பார்த்த திருவனந்தபுரத்து டாக்டரிடம் போனேன்.

3

குடியால் வந்ததில்லை, மஞ்சள்காமாலை வைரஸ், பி வகை என்றார் அவர். பெரும்பாலும் பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்குமாம்.

கதைக்குள் பாடம் நடத்தக் கூடாதுதான். ஆனாலும் கேளுங்கள். உடம்பில் செல்கள் ஓயாமல் சேதி வாங்கிக்கொண்டே இருக்கின்றன: வளர், போதும், பழுதாகிவிட்டாய், செத்துப்போ. காற்று பலமாக அடித்தால் எங்கள் ஊர்க் கோயில் மைக்கில் 'யாரும் கடலுக்குப் போகண்டாம்' என்று சொல்வார்களே, அந்த மாதிரி. இந்த வைரஸ் ஈரல் செல்லுக்குள் நுழைந்து, தன் மரபணுத் துண்டை அதன் மரபணுவுக்குள் சொருகிவிடும். அதன் புரதம் ஒன்று மைக்கைப் பிடித்துக்கொள்ளும்.* அப்புறம் 'போதும்' என்பது கேட்காது. 'வளர், வளர்' மட்டும்தான். பழுதான செல்லைச் சாகச் சொல்லுகிற காவல் புரதத்தின் வாயையும் அடைத்துவிடும். பல வருஷம் இப்படியே போகும், வலிகூட இருக்காது. பிறகு ஒருநாள் வயிறு வீங்கும்.

* அந்தப் புரதத்துக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் எக்ஸ். துப்பறியும் கதை எழுதுகிறவன்கூட இப்படிப் பெயர் வைக்கக் கூசுவான்.

4

மைனியிடம் ஓடினேன். "அண்ணன் குடிச்சிச் சாவல்ல மைனி. வைரஸ்!"

அவள் முகம் மலரவில்லை. "அது எப்பிடி ஒட்டும்?"

சொன்னேன். பிறக்கும்போது தாயிடமிருந்து, ரத்தத்தில், ஊசியில், அப்புறம்... படுக்கையில்.

"வேண்டாம், மக்கா. குடிச்சாருன்னே இருக்கட்டும். கொச்சியில கெடந்த மனுசன். வைரஸ்னா ஊரு எங்க போயி நிக்கும்னு தெரியாதா? குடிகாரன் பொண்டாட்டின்னா பாவம்னாவது சொல்லும்."

டாக்டர் சொன்னபடி மைனியும் மகள் ஜின்சியும் டெஸ்ட் எடுத்தார்கள். இருவருக்கும் இல்லை, தடுப்பூசி போட்டாயிற்று. அந்த வாரமே மைனி திரும்ப வந்தாள்.

"உங்க அம்மைட்ட இருந்துதான் வந்ததுன்னு தெரிஞ்சா எழுதலாம், இல்லியா?"

அம்மை அண்ணனுக்கு ஒரு வருஷம் முன்பே போய்ச்சேர்ந்துவிட்டாள். அவள் வயிற்றில் பிறந்தவர்களில் மிச்சம் நான் ஒருவன்தான். மைனி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

5

ஆக, வாசகரே, எனக்கும் இருந்தால் அம்மை தந்தது, அண்ணன் சுத்தம். எனக்கு இல்லையென்றால் கொச்சி. (ஒரு தம்பியின் ரத்தத்தை வைத்து அப்படியெல்லாம் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஊர் கேட்குமா? மைனி கேட்பாளா?) அண்ணனின் மானம் இப்போது என் ஈரலில் இருக்கிறது. பயமாகத்தான் இருக்கிறது, ஒளிப்பானேன்?

ஒரு முடிவு: எனக்கு இல்லை. மைனி என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். எதற்காக அழுகிறாள்?

இன்னொன்று: எனக்கு இருக்கிறது, மாத்திரையில் கட்டுக்குள் வைக்கலாம் என்கிறார்கள். மைனி நெஞ்சில் கை வைத்து, 'மாதாவே' என்கிறாள். அது எந்த மாதிரி...

இரண்டையும் அடித்துவிட்டேன். எழுத எழுத மைனி மேல் சந்தேகம் கூடுகிறதே ஒழியக் குறையவில்லை.

6

தக்கலையில் ரத்தம் கொடுத்துவிட்டு, லேப் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பக்கத்தில் மைனி ஜெபமாலை உருட்டுகிறாள். பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

"என்னன்னு வேண்டுதீங்க மைனி? எனக்கு இருக்கணும்னா, இருக்கப்பிடாதுன்னா?"

உருட்டிய விரல் நின்றது. அவள் கண் நிறைந்துவிட்டது.

"கோவப்படாத, மக்கா. ஒரு மணி உனக்குச் சொல்லுதேன். அடுத்த மணி அவருக்குச் சொல்லுதேன்."

உள்ளேயிருந்து 'ஆன்ட்ரூஸ்' என்று கூப்பிடுகிறார்கள். நான் எழுந்திருக்கப் போவதில்லை. நீங்கள் போய் ரிசல்ட்டை வாங்கிப் பாருங்கள். ஆனால் இந்த வரிவரை வந்த நீங்களும் எனக்கு எது வரவேண்டும் என்று உள்ளுக்குள் நினைத்தீர்கள் அல்லவா, அதை மட்டும் மைனியிடம் சொல்லிவிடாதீர்கள்.